மன்சி மைதானத்துத் தும்பிகள்

"அண்ணா! நீங்கள் வாத்தியார். நாங்கள் சொன்னால் காதில் போட்டுக் கொள்ளாதவன் நீங்கள் சொன்னால் கேட்பான். எப்படியாவது அந்த ஹெலிகாப்டரை அங்கேயே விற்றுவிட்டு வரும்படி செய்துவிடுங்கள்" என்று என் தங்கை வாசல் வரையில் வந்து சொல்லி அனுப்பினாள்.

வாசகர்கள் திகைக்க வேண்டாம். என் தங்கை குடும்பம் ஹெலிகாப்டர் வைத்துக் கொள்ளும் அளவுக்குப் பெரிய குடும்பம் அல்ல. அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் இண்டியானாபொலிஸ் நகருக்கு அருகே, மாதச் சம்பளத்தில் கணக்குப் பார்த்து ஜீவனம் செய்யும் குடும்பந்தான். ஹெலிகாப்டர் என்று அவள் சொன்னது, தரையில் நின்றபடி ரேடியோ மூலம் ஆகாயத்தில் ஓட்டும் சிறு ஹெலிகாப்டர். "சிறு" என்பதையும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அதன் விசிறியின் குறுக்களவு ஒன்றரை மீட்டருக்கு மேல். எடை ஐந்து கிலோ. என் மருமகன் மூன்று வருஷ காலம் கோடை விடுமுறைகளில் வேலை செய்து சம்பாதித்த பணம் அவ்வளவும் அதற்குள் இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்து ஆகஸ்டு மாதக் கடைசியில் அவன் கலாசாலைக்குப் போக வேண்டும். படிக்கப் போகிறவனுக்கு இது எதற்கு என்பது தாயாரின் கட்சி. விற்றுவிடுவதாகப் பையனும் ஒப்புக் கொண்டிருந்தான். ஆனால் ஒப்புக்கொண்ட முகமாக அது இல்லை என்று அவளுக்குச் சந்தேகம். எனவேதான், சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் திரட்டிக்கொண்டு எட்டாயிரம் மைலுக்கு மேல் பிரயாணம் செய்து வந்திருந்த என்னை அவனோடு காவல் அனுப்பினாள்.

நாங்கள் புறப்பட்டது மன்சி என்னும் ஊருக்கு. இண்டியானாபொலிஸிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வழியெல்லாம் சோளம், சோளம் முடிந்தால் சோயா அவரை, அது முடிந்தால் மறுபடியும் சோளம். தஞ்சாவூர் ஜில்லாவின் சமவெளியைக் கண்டு பழகியவனுக்குக்கூட அந்தச் சமவெளி சற்று அதிகமாகத்தான் பட்டது. குன்றும் இல்லை, கோபுரமும் இல்லை. தானியக் களஞ்சியங்கள் மட்டும் தூரத்தில் வெள்ளி உருளைகளாக நின்றன.

மன்சி ஊருக்கு ஒரு பழைய கீர்த்தி உண்டு. 1880-களில் அந்தப் பிரதேசத்தில் பூமிக்கு அடியில் எரிவாயு கிடைத்தது. அடுப்புக்கு எரிவாயு மலிவு என்று கேள்விப்பட்டு, பஃபலோ நகரிலிருந்து பால் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஐந்து சகோதரர்கள் கண்ணாடி ஜாடித் தொழிற்சாலையை அங்கே கொண்டு வந்தார்கள். அமெரிக்கப் பாட்டிமார்கள் பழங்களையும் காய்களையும் பதனப்படுத்தி வைத்த ஜாடிகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பெயரைக் காணலாம். எரிவாயு சீக்கிரமே தீர்ந்தது. ஜாடித் தொழிலும் பிற்பாடு ஊரை விட்டுப் போயிற்று. சகோதரர்கள் பெயரில் ஒரு சர்வகலாசாலை மட்டும் நிலைத்து நிற்கிறது. 1920-களில் ராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் என்ற தம்பதிகள் சராசரி அமெரிக்க ஊர் எப்படி இருக்கும் என்று ஆராய்வதற்கு இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 1929-ல் வெளியான அவர்களுடைய "மிடில்டவுன்" என்னும் புத்தகம் சமூகவியல் மாணவர்களுக்கு இன்றும் பாடம். சராசரி என்று பட்டம் வாங்கிய ஊரில், சற்றும் சராசரி இல்லாத ஒரு காட்சியைப் பார்க்கப் போகிறோம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஊருக்குக் கிழக்கே ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளி. மாதிரி விமானம் விடுவோரின் சங்கத்துக்குச் சொந்தமான இடம் அது. 1936-ல் தோன்றிய அந்தச் சங்கம், 1990-களின் தொடக்கத்தில் தன் தலைமையகத்தை இந்தப் புல்வெளிக்கு மாற்றிக் கொண்டது. அருங்காட்சிச் சாலை ஒன்றும் அங்கே இருக்கிறது. வருஷந்தோறும் கோடையில் ரேடியோ ஹெலிகாப்டர்க்காரர்கள் இங்கே பல நூறு பேர் கூடி ஒரு திருவிழா நடத்துகிறார்கள். ஜாம்பரி என்று அதற்குப் பெயர். வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக் கொண்டு வந்தது போன்ற வண்டிகளும், கூடாரங்களும், கடைகளுமாக அந்தப் புல்வெளி நம் ஊர்த் தேர்த் திருவிழாவை நினைவூட்டியது. வெல்லப்பாகு வாசனைக்குப் பதிலாக வேறொரு வாசனை. மெதனால் எரிபொருளில் கலந்திருக்கும் விளக்கெண்ணெய் புகைந்தால் என்ன வாசனை வருமோ அது. இப்போது பெரும்பாலான யந்திரங்கள் பாட்டரியில் ஓடுகின்றன என்றாலும், பழைய எஞ்சினை விட மனமில்லாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். எங்கள் பாட்டியின் வீட்டுக் கூடத்தை அங்கே, அந்த மைதானத்தில், நான் நினைத்துக் கொண்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

முதல் யந்திரம் கிளம்பியதைப் பார்த்தபோது நான் எதிர்பார்த்தது, மெல்ல எழும்பி, மெல்ல வட்டமிட்டு, மெல்ல இறங்கும் விளையாட்டுச் சாமானை. நடந்தது வேறு. தலைகீழாகப் புரண்டது, புல் நுனியைத் தொடும் உயரத்தில் கவிழ்ந்தபடியே நின்றது, வாலைச் சுழற்றிக்கொண்டு பின்புறமாகப் பாய்ந்தது, ஒரே புள்ளியில் குட்டிக்கரணம் போட்டது. குளத்தங்கரையில் தும்பிகள் செய்யும் சேஷ்டை எல்லாவற்றையும் அது செய்தது. இறக்கைகள் காற்றை அறையும் ஓசை வெடிச் சரம் போலக் கேட்டது. மனிதன் ஏறிச் செல்லும் ஹெலிகாப்டர் இவற்றில் பாதியைச் செய்தாலும் உதிர்ந்து போகும். இந்தப் பாணிக்கு வழி திறந்தவர்களில் கர்டிஸ் யங்பிளட் என்ற அமெரிக்க உலக சாம்பியன் முக்கியமானவர் என்று மருமகன் சொன்னான்.

இங்கே என் தொழில் குறுக்கிடுகிறது, பொறுத்தருள வேண்டும். ஹெலிகாப்டரின் விசிறித் தண்டைச் சுற்றி மோதிரம் போல ஒரு தட்டு இருக்கிறது. ஸ்வாஷ் பிளேட் என்பார்கள். அதன் கீழ்ப்பாதி சுழலாது. மேல்பாதி விசிறியோடு சுழலும். மூன்று சிறிய மோட்டார்கள் அந்தத் தட்டைத் தூக்கவும் சாய்க்கவும் செய்கின்றன. தட்டு முழுவதும் உயர்ந்தால் இரண்டு இறக்கைகளும் ஒருங்கே சரிவு கொண்டு காற்றை அதிகமாக வெட்டும். யந்திரம் மேலே எழும்பும். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால், இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் அதிகமாகவும் எதிரிடத்தில் குறைவாகவும் வெட்டும்; விசிறி சாயும். இதில்தான் விசித்திரம். விசிறி முன்பக்கம் சாய வேண்டுமானால், இறக்கை பக்கவாட்டில் இருக்கும்போதே அதன் சரிவை மாற்ற வேண்டும். கால் வட்டம் கடந்த பிறகே பலன் தெரியும். பம்பரத்தின் தலையை ஒரு பக்கம் தள்ளினால் அது குறுக்கே சாய்கிறதல்லவா? அதே நியாயந்தான். இதை இருபது வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். மருமகன் தன் யந்திரத்தைப் பிரித்து வைத்து, என் விரலைப் பிடித்து அந்தத் தட்டின்மேல் வைத்து, "இப்போது இறக்கையைப் பாருங்கள் மாமா!" என்று சொன்னபோதுதான் அந்த அம்புக்குறிகளுக்கு எடை இருப்பது எனக்குத் தெரிந்தது.

மனிதன் ஏறும் ஹெலிகாப்டர் முந்தியதா, பொம்மை ஹெலிகாப்டர் முந்தியதா என்று என் வகுப்பில் கேட்டால் எல்லாரும் பொம்மை என்றுதான் சொல்வார்கள். ரேடியோவால் ஓட்டும் சிறு விமானத்தை அமெரிக்காவில் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1930-களின் பிற்பகுதியிலேயே பறக்கவிட்டார்கள். 1939-ல் சிக்கோர்ஸ்கியின் ஹெலிகாப்டர் மனிதனோடு தரையை விட்டு எழும்பியது. ஆனால் ரேடியோ ஹெலிகாப்டர் கைக்கு அடங்குவதற்கு அதற்குப் பிறகு முப்பது வருஷம் பிடித்தது. ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர் 1960-களின் இறுதியில் அதைச் சாதித்தார். 1970-ல் உலக சாதனையும் படைத்தார். ஏன் இவ்வளவு தாமதம்? விமானத்தை விட்டுவிட்டால் தானாகக் கொஞ்ச தூரம் நேராகப் போகும். ஹெலிகாப்டர் தானாக நிற்காது. குச்சியை உள்ளங்கையில் நிறுத்தும் வித்தையைப் போல, ஓயாமல் திருத்திக் கொண்டே இருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு உடம்பு சொல்லும். தரையில் நிற்பவனுக்குக் கண் ஒன்றுதான் சாட்சி. அதுவும் யந்திரம் அவனைப் பார்த்துத் திரும்பிவிட்டால் வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும்!

இதை நானும் சோதித்துப் பார்த்தேன். உண்மையான யந்திரத்தை என் கையில் கொடுக்கும் அளவுக்கு மருமகன் அசடன் அல்ல. கம்ப்யூட்டர் திரையில் பழகுவதற்கென்று ஒரு சாதனம் இருக்கிறது, அதில் விட்டான். பதினைந்து நிமிஷத்தில் பதினோரு ஹெலிகாப்டர்களை நொறுக்கினேன். எல்லாம் கானல் ஹெலிகாப்டர்கள் என்பதால் என் தங்கையின் குடும்பம் தப்பியது. அவன் இந்தத் திரையில் ஒரு குளிர்காலம் முழுவதும் பழகி, பிறகு கால்களில் குறுக்குக் கம்பு கட்டிய சிறிய யந்திரத்தைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிறுத்தப் பழகி, அதற்குப் பிறகுதான் வாலைத் தனக்குக் காட்டாமல் முகத்தைக் காட்டி நிறுத்தக் கற்றானாம். ஜைரோ என்ற உணர்கருவி இப்போது பாதி பாரத்தைத் தாங்கிக் கொள்கிறது. மீதிப் பாதிதான் ஆளை வாட்டுகிறது.

நான்கு விசிறி டிரோன்கள் வந்த பிறகு இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் ஒருவர் குறைபட்டுக் கொண்டார். டிரோனைக் கையை விட்டாலும் அது இருந்த இடத்தில் நிற்கும். படம் பிடிக்கவும் மருந்து கொண்டு போகவும் அதுதான் ஏற்றது, சந்தேகமில்லை. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் "தக்ஷா" குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ உதவி ஆளில்லா விமானப் போட்டிக்குத் தயாரானபோது, நடிகர் அஜித்குமார் அவர்களுக்கு ஆலோசகராக இருந்தாரே, அவரும் ரேடியோ விமானங்களில் நெடுங்காலப் பழக்கம் உள்ளவர். இந்தச் செய்தியைச் சொன்னதும் பெரியவருக்கு மெட்ராஸ் மேல் திடீரென்று மரியாதை உண்டாயிற்று.

இரண்டாம் நாள் காலையில் நடந்த ஒரு சம்பவத்தை என் தங்கையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்குப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மருமகன் யந்திரத்தைப் புல்லில் வைத்து, பாட்டரியை இணைத்துவிட்டு, நாலைந்து அடி பின்னால் வந்து நின்றான். என் மூக்குக்கண்ணாடிக் கூடு யந்திரத்தின் அருகே விழுந்து கிடந்தது. எடுப்பதற்காக நான் இயல்பாக முன்னே நடந்தேன்.

"மாமா! நில்லுங்கள்! ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது!"

அந்தக் குரலை அவனிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சிவந்தது. பெரியவர்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பையன்! அவன் கைப்பெட்டியில் ஒரு விசையைத் தட்டிப் பார்த்து, பாட்டரியைக் கழற்றி, கூட்டை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்த பிறகு, தாழ்ந்த குரலில் விளக்கினான். ஒரு நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்று. இறக்கையின் நுனி மணிக்குச் சுமார் 600 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பாட்டரி இணைந்துவிட்டால், மோட்டார் தவறிக்கூடக் கிளம்பாதபடி பூட்டும் விசை போட்டிருந்தாலும், ஓட்டுகிறவனைத் தவிர யாரும் அருகில் போகலாகாது. 2013 செப்டம்பரில் நியூயார்க் நகரில் புரூக்ளின் பகுதிப் பூங்காவில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தம்முடைய ஹெலிகாப்டரே தலையில் தாக்கி இறந்தார். அவர் கற்றுக்குட்டி அல்ல, நன்றாகப் பழகியவர்.

"கத்தியதற்கு மன்னியுங்கள், மாமா" என்றான் கடைசியில்.

மன்னிக்க என்ன இருந்தது? ஆய்வுக்கூடத்தில் அமிலக் குப்பியைச் சாய்த்துப் பிடித்த மாணவனை நான் எந்தக் குரலில் அதட்டுவேனோ அதே குரல் அது. அதற்குப் பிறகு அந்த மைதானத்தை நான் பார்த்த விதம் மாறிவிட்டது. ஓட்டுகிறவர்கள் குறித்த இடத்தில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், ஜனங்கள் இருக்கும் பக்கம், எந்த யந்திரமும் வருவதில்லை. ஒருவர் இறக்கும்போது இன்னொருவர் உரக்கச் சொல்லி எச்சரிக்கிறார். கால் கிலோவுக்கு மேற்பட்ட யந்திரங்களை வைத்திருப்போர் சர்க்காரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பொழுதுபோக்காகப் பறக்கவிடுவோர் தங்கள் சங்கம் வகுத்த பாதுகாப்பு விதிகளின்படி பறக்கவிட அதே சட்டம் இடம் கொடுக்கிறது. மைதானத்தில் போலீஸ்காரர் ஒருவரையும் நான் காணவில்லை.

இரவில் இறக்கைகளில் சிறு விளக்குகளைப் பதித்துப் பறக்கவிடுகிறார்கள். யந்திரம் தெரியாது. பச்சையும் சிவப்புமாக ஒளி வட்டங்கள் மட்டும் சோள வயலுக்கு மேலே புரளும். கார்த்திகைச் சொக்கப்பனையில் மாவலி சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த நான், அவற்றுக்கு முன்னால் வெகு நேரம் பேசாமல் நின்றிருந்தேன்.

விற்பனை விஷயத்துக்கு வருவோம். திருவிழாவில் பழைய சாமான்களை விற்கவும் வாங்கவும் வசதி இருந்தது. மூன்றாம் நாள் சனிக்கிழமை. அன்று காலையில் ஓஹையோவிலிருந்து வந்திருந்த ஒருவர் மருமகனுடைய யந்திரத்தைப் பார்த்து, தூக்கிப் பார்த்து, விலையும் பேசி முடித்துவிட்டார். மாலையில் பணத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார். தங்கை எனக்குக் கொடுத்த வேலையை நான் வாயைத் திறக்காமலே முடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் என்று சொல்வது பொய். பையன் யந்திரத்தின் ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கித் துடைத்துக் கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"கடைசியாக ஒரு தடவை" என்று சொல்லி மாலை நாலு மணிக்குப் பறக்கவிட்டான். நாற்பது மீட்டர் உயரம் இருக்கும். திடீரென்று ஓசை நின்றது. மோட்டார் ஓய்ந்துவிட்டது. என் வயிற்றில் ஏதோ இறங்கியது. மருமகனின் இடது கட்டைவிரல் மட்டும் சட்டென்று கீழே போனதைக் கண்டேன்.

பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக் கொண்டு குழந்தைகள் ஓடுவார்களே, எதிர்காற்றுப் பட்டு அது தானாகச் சுழலும். விழுகிற ஹெலிகாப்டருக்கும் அதுவே வழி. இறக்கைகளின் சரிவை உடனே எதிர்ப்பக்கமாக மாற்றிவிட்டால், கீழேயிருந்து ஏறும் காற்று விசிறியைச் சுழற்றிக் கொண்டே இருக்கும். யந்திரம் வேகமாக இறங்கும். ஆனால் விசிறியில் சுழற்சி சேமிப்பாக நிற்கும். தரைக்குச் சற்று மேலே சரிவை மறுபடி மாற்றி, அந்தச் சேமிப்பைச் செலவழித்து இறங்க வேண்டும். சீக்கிரம் செலவழித்தால் நடு வழியில் தீர்ந்துவிடும். தாமதித்தால் தரை வந்துவிடும். இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது. தாமதித்து மாற்றினால் சேமிக்கவே ஒன்றும் மிஞ்சாது. ஆகவே யோசித்துச் செய்வதற்கு அதில் நேரமில்லை.

இறகு வருடினாற்போன்ற ஓசையுடன் அது இறங்கியது. புல்லுக்கு இரண்டடி மேலே ஒரு கணம் தயங்கிற்று. பிறகு உட்கார்ந்தது. வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பையன் பெட்டியை மார்போடு பிடித்தபடி நின்றான்; கை நடுங்குவது அப்போதுதான் தெரிந்தது.

ஓஹையோக்காரர் அதையெல்லாம் பார்க்கவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு பணத்தை எண்ணிக்கொண்டே வந்தார். யந்திரத்தில் ஒரு கீறல் இல்லை. பாட்டரியை மாற்றியதும் மோட்டார் முன்போலவே கிளம்பிற்று. அவர் பணத்தை நீட்டினார். மருமகன் கையை நீட்டவில்லை.

"ஐயா, இன்று மாலை இது நடு ஆகாயத்தில் நின்றுவிட்டது. வேகத்தை ஆளும் மின்கருவியில் கோளாறு என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாத வரையில் இதை நான் விற்க முடியாது" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னான்.

அவர் விலையைக் குறைத்துக் கொடுத்தால் வாங்கிக் கொள்வதாகச் சொல்லிப் பார்த்தார். பையன் தலையை ஆட்டினான். அவர் சற்று நேரம் அவனையே பார்த்துவிட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார்.

வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது. வழியில் நாங்கள் அதிகம் பேசவில்லை. என்னவோ ஒரு தடவை, அந்தக் கட்டைவிரல் எப்படி அவ்வளவு சீக்கிரம் போயிற்று என்று கேட்டேன். "தெரியாது, மாமா. அது போன பிறகுதான் எனக்கே தெரிந்தது" என்றான்.

கார் நின்ற சத்தம் கேட்டு என் தங்கை வாசலுக்கு வந்தாள். பின் பக்கக் கதவைத் திறந்ததும் அந்த நீளமான பெட்டி கண்ணில் பட்டது. என்னைப் பார்த்தாள்.

"என்ன அண்ணா, விற்கவில்லையா?"

"வாங்குகிறவர் பணத்தோடு வந்தார். யந்திரத்தில் குறை இருக்கிறது என்று உன் பிள்ளையே அவரிடம் சொல்லிவிட்டான்" என்றேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. பையன் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கொண்டிருந்தான். என் தங்கை இறங்கிப் போய் மற்றொரு முனையைப் பிடித்தாள்.

"மெள்ள, மெள்ள! வாசற்படியில் இடித்துவிடாதே" என்றாள். "அண்ணா, கை கால் அலம்பிக் கொண்டு வாருங்கள். ரசம் ஆறிப் போகிறது."